எட்ட நின்று சுடுங்கள்!

திருச்சி ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் 'மலை' என்று மட்டும் சொல்லுங்கள். மறுபேச்சில்லாமல் மலைக்கோட்டைக்கு வண்டியைத் திருப்புவார். 'பச்சைமலை' என்றால் ஒரு நிமிஷம் உங்கள் முகத்தையே பார்ப்பார். "துறையூர் தாண்டிப் போவணும் சார்... மீட்டருக்குக் கட்டாது" என்பார். (மீட்டருக்கு எந்த ஊர்தான் கட்டியது என்று கேட்காதீர்கள். அது தனிக் கட்டுரை.)

கொல்லிமலைக்குப் பக்கத்து வீடு பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்கள் அண்ணன் தம்பி போலப் பாகம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. உயரம் சுமார் 500 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை. சோபனபுரத்தில் மலைப்பாதையைப் பிடித்து ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. மரவள்ளி, முந்திரி, பலா, மழை நன்றாகப் பெய்தால் மங்களம் அருவி, கோரையாறு அருவி. மலையில் குடியிருக்கும் மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளாவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது சுத்தத் தமிழ், நம்மைவிட!

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மலை ஏறுகிற பைக்குகளைக் கவனித்தால் ஒரு மாறுதல் தெரியும். முன்பெல்லாம் பின் ஸீட்டில் நண்பன், நண்பன் மடியில் பிரியாணிப் பொட்டலம். இப்போது நண்பன் இருந்த இடத்தில் காமிராப் பை. செல்போனில் படம் எடுத்து எடுத்து, "குருவி எங்கேடா?" என்று நாலு பேர் கேட்டு, "அதோ அந்த மூணாவது கிளையில கறுப்பா ஒரு புள்ளி தெரியுதுல்ல, அதான்" என்று விளக்கம் சொல்லி அலுத்துப்போன இளைஞர்கள் கடைசியில் வந்து சேருகிற இடம், டெலிபோட்டோ ஜூம் லென்ஸ்.

வந்தவுடன் வருகிறது சனியன். எதை வாங்குவது?

* * *

எங்கள் ஆபீஸில் பக்கத்து ஸீட் தம்பி ஒருநாள் மத்தியான சாப்பாட்டு வேளையில் தயிர்சாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னிடம் கேட்டது இதுதான்.

"அண்ணே, 70-300 வாங்கலாமா, 150-600 வாங்கலாமா? ஒரு லட்ச ரூபா சீட்டு எடுத்திருக்கேன்."

"எதுக்கு எடுத்தே?"

"அம்மாவுக்குக் கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணணும். அதுக்குத்தான் எடுத்தேன். ஆனா அம்மா 'இப்ப என்னடா அவசரம், நல்லாத்தான் தெரியுது'ங்கறாங்க. அதான்..."

அந்த 'அதான்' என்ற சொல்லில் ஒரு லட்ச ரூபாய் தொங்கிக்கொண்டிருந்தது. 'வாங்காதே' என்று சொல்ல நான் யார்? அதனால் முதலில் இந்த நம்பர்களுக்கு அர்த்தம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். சீட்டு எடுத்தவர்கள் கவனமாகக் கேட்கவும்.

70-300 என்பது குவியத்தூரம், மில்லிமீட்டரில். நம்பர் ஏற ஏறத் தூரத்துச் சமாச்சாரம் பெரிசாகத் தெரியும். இரண்டு நம்பர் போட்டிருந்தால் அது ஜூம். திருகினால் இந்த நம்பரிலிருந்து அந்த நம்பருக்குப் போகும். ஸ்டில் காமிராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ் 1959-ல் வந்த வோய்க்லாண்டர் 'ஜூமார்'. அது 36-82 மி.மீ. இன்றைக்கு அதைக் கொண்டுபோய் பச்சைமலையில் குருவி எடுத்தால், மலை வரும், குருவி வராது.

'டெலிபோட்டோ' வேறு சமாச்சாரம். நியாயமாகப் பார்த்தால் 600 மி.மீ. குவியத்தூரம் உள்ள லென்ஸ் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். முன்னால் ஒரு குவி லென்ஸ் தொகுதி, பின்னால் ஒரு குழி லென்ஸ் தொகுதி வைத்தால் குழாயைக் குட்டையாக்கிவிடலாம் என்பது 1611-லேயே கெப்ளருக்குத் தெரியும். கிரகங்கள் சுற்றுகிற கணக்குப் போட்டாரே, அதே கெப்ளர். அதைக் காமிராவுக்குக் கொண்டுவந்து 1891-ல் காப்புரிமை கேட்டவர்களில் ஒருவர் லண்டன் டால்மேயர். இந்த உபாயத்தால்தான் சிக்மாவின் 150-600 சுருக்கிய நிலையில் 26 செ.மீ. நீளத்தில் பைக்குள் அடங்குகிறது. இல்லாவிட்டால் நாதஸ்வர உறையில்தான் கொண்டுபோக வேண்டும்.

* * *

சரி, 300-க்கும் 600-க்கும் என்ன வித்தியாசம்? மலைக்கோட்டை உச்சிக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே பார்த்தால் காவிரிக்கு அந்தப்பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். 1987-ல் கட்டி முடித்த 13 நிலைக் கோபுரம். 236 அடி, அதாவது 72 மீட்டர். இங்கிருந்து அது மூன்றரை கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. கோபுரத்தின் உயரத்தைத் தூரத்தால் வகுத்து, லென்ஸ் நம்பரால் பெருக்கினால் காமிராவுக்குள் விழுகிற பிம்பத்தின் அளவு வந்துவிடும். எட்டாங்கிளாஸ் கணக்கு. 50 மி.மீ. லென்ஸில் ராஜகோபுரம் 1 மி.மீ. உயரம், எறும்புக்குக் கட்டிய கோயில். 300-ல் 6 மி.மீ. 600-ல் 12 மி.மீ. நம்மில் பலர் வைத்திருக்கும் காமிராவின் சென்ஸார் சுமார் 23 மி.மீ.க்கு 15 மி.மீ. அதை நிமிர்த்திப் பிடித்து 600-ல் எடுத்தால் பாதிப் படத்துக்குக் கோபுரம். 300-ல் கால்வாசிக்குக் கோபுரம்.

"அப்ப 600-தாண்ணே!" என்று தம்பி எழுந்தேவிட்டான்.

உட்காருப்பா. சித்திரை மாசம் பதினோரு மணி வெயிலில் காவிரி மணலுக்கு மேலே காற்று கொதித்துக்கொண்டிருக்கும். அதன் வழியாக எடுத்தால் 13 நிலையும் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல நெளியும். அந்த நெளிவை 300 சின்னதாகக் காட்டும். 600 பெரிசாகக் காட்டும். அவ்வளவே. காற்றைச் சுத்தம் செய்கிற லென்ஸை எந்தக் கம்பெனியும் இன்னும் விற்கவில்லை. காலை ஆறரை மணிக்கு எழுந்திருப்பது ஒன்றுதான் அதற்கு மருந்து. அதற்குச் சீட்டு எடுக்க வேண்டாம், அலாரம் போதும்.

இப்போது அதே கணக்கைப் பச்சைமலைக்குக் கொண்டுபோவோம். பலாக்கிளையில் ஒரு சின்னான் உட்கார்ந்திருக்கிறது. கொண்டைக்குருவி என்றும் சொல்வோம். வாலோடு சேர்த்து 20 செ.மீ. நீங்கள் நிற்பது 15 மீட்டர் தள்ளி. 300-ல் பிம்பம் 4 மி.மீ. 600-ல் 8 மி.மீ. காமிரா 24 மெகாபிக்ஸல் என்றால், முதல் படத்தில் குருவிக்கு மூக்கிலிருந்து வால்வரை ஆயிரம் புள்ளி கிடைக்கும், இரண்டாவதில் இரண்டாயிரம். வாட்ஸ்அப்பில் போட்டு மாமா பையனை வயிறெரிய வைக்க ஆயிரம் புள்ளி தாராளம். பெரிசாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்றால் 600 தேவைப்படும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 15 மீட்டரை ஏழரை மீட்டர் ஆக்கினால் 300-லேயே அதே 8 மி.மீ. கிடைத்துவிடும். நீங்கள் போகக்கூடாது, அது வரவேண்டும். ஒரு பாறையோரம் அசையாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் வரும். காசு உள்ளவனுக்கு 600, பொறுமை உள்ளவனுக்கு 300.

* * *

கடையில் நீங்கள் கேட்க வேண்டிய இரண்டாவது நம்பர் ஒன்று உண்டு. எஃப் 2.8, எஃப் 5.6, எஃப் 6.3 என்று லென்ஸ் மூக்கில் எழுதியிருக்கும். குவியத்தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால், வெளிச்சம் நுழைகிற வாசலின் அகலம் வரும். 300-ஐ 5.6-ஆல் வகுத்தால் 54 மி.மீ. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. முதலாவது டீ கிளாஸ் வாய், இரண்டாவது சொம்பு வாய். அத்தனை அகலத்துக்குக் கண்ணாடி போட்டால் எடை வராமல் என்ன செய்யும்? 70-300 லென்ஸ்கள் முக்கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். 2015-ல் வந்த நிக்கான் 200-500 சுமார் 2.3 கிலோ. சிக்மா 2014-ல் ஒரே நம்பரில், 150-600-ல், இரட்டைப் பிள்ளை பெற்றது. ஒன்று 1.9 கிலோ, இன்னொன்று கிட்டத்தட்ட 2.9 கிலோ. பெட்டியில் எழுதியிருக்கிற 150-600-ஐ மட்டும் படித்துவிட்டு எடையைப் படிக்காமல் வாங்கினால், ஒரு கிலோ சர்க்கரையைக் கழுத்தில் கூடுதலாகக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான்.

எடையே ஆகாது என்றால் 2021-ல் வந்த கேனன் 100-400 இருக்கிறது. 635 கிராம். ஆனால் 400-க்குப் போனால் எஃப் 8. வாசல் சின்னது. வெயிலில் ராஜா, நிழலில் திணறும்.

நிழல்தான் பச்சைமலையில் பெரிய விஷயம். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, எஃப் 5.6-ல் 800-ல் ஒரு பங்கு விநாடி வேகம் கிடைக்கும். குருவி தலையைத் திருப்புவதற்குள் எடுத்துவிடலாம். பலா மரத்தடிக்கு வந்தால் வெளிச்சம் முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வேகம் 25-ல் ஒரு பங்கு. குருவிக்குப் பதில் ஒரு கம்பளிப் பூச்சி மாதிரி ஏதோ பதிவாகும். பழைய வேகம் வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்ற வேண்டும். படத்தில் ரவை தூவினாற்போல் இருக்கும். எஃப் 2.8 லென்ஸாக இருந்தால் நான்கு மடங்கு வெளிச்சம் நுழையும். ஐ.எஸ்.ஓ. 800 போதும். ரவை, மைதா ஆகிவிடும்.

"ஆனா அண்ணே, இப்ப லென்ஸுக்குள்ளயே ஆட்டம் தடுக்கிற மெஷின் இருக்கே?"

இருக்கிறது. கழற்றி மாட்டுகிற லென்ஸுகளில் முதன்முதலாக அது வந்தது 1995-ல், கேனன் 75-300-ல். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அது தடுப்பது உங்கள் கை நடுக்கத்தை. குருவியின் நடுக்கத்தை அல்ல. கோபுரம் எடுக்க உதவும், கொண்டைக்குருவிக்கு உதவாது.

எஃப் 2.8 ஜூம் என்றால் 70-200. ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை. சித்திரைத் தேர் அசைந்து வருகையில், தேரும் பின்னால் கோபுரமும் ஒட்டினாற்போல் நிற்கிற படம் பார்த்திருப்பீர்களே, அதற்கு இது அம்சமான லென்ஸ். சாயங்கால வெளிச்சத்திலும் கைவிடாது. கல்யாண வீட்டில் எடுத்து நாலு காசும் பார்க்கலாம். ஆனால் பச்சைமலைக் குருவிக்கு 200 எட்டாது. பின்னால் இரண்டு மடங்கு கன்வர்ட்டர் மாட்டினால் 400 ஆகும், எஃப் 2.8 போய் எஃப் 5.6 ஆகிவிடும். வாசல் அகலம் அதே 71 மி.மீ.தான். இயற்கை ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிற கணக்கு இது. எந்தக் கம்பெனி விளம்பரமும் இதைத் தாண்ட முடியாது.

* * *

மூன்றாவதாக ஒரு நம்பர் உண்டு. அதைக் கடையில் யாருமே கேட்பதில்லை. லென்ஸ் எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்போமே தவிர, எவ்வளவு கிட்டத்தில் பார்க்கும் என்று கேட்க மாட்டோம்.

பச்சைமலையில் பறவையைவிடச் சுலபமாகக் கிடைப்பது வண்ணத்துப்பூச்சி. மலைவரை போக முடியாதவர்களுக்கு ஸ்ரீரங்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. சுமார் 25 ஏக்கர். அங்கே எலுமிச்சை அழகி ஒன்று பூவில் உட்காருகிறது. இறக்கை விரித்தால் 8 செ.மீ. சாதாரண 70-300 லென்ஸ்களில் பல 1.2 மீட்டர் கிட்டத்தில் போய் நிற்க விடும். பிம்பம் 20 மி.மீ. படம் முழுக்க இறக்கை! டாம்ரானின் முதல் 150-600 இருக்கிறதே, 600-ஐ நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டுவந்த புண்ணியவான், அது 2.7 மீட்டருக்குள் வந்தால் மங்கிவிடும். அங்கே நின்று எடுத்தால் பிம்பம் 16 மி.மீ. மூன்று மடங்கு கனமான லென்ஸ், கொஞ்சம் சின்னப் படம்!

இந்தக் கிட்டப் பார்வை ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். ரோஜா அழகி என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. பறவைகளுக்கு அது தின்ன ஆகாத பண்டம். ஒருமுறை கொத்தினால் மறுமுறை திரும்பிப் பார்க்காது. கறிவேப்பிலை அழகிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் அதில் பெண்பூச்சிகளில் ஒரு வகை, ரோஜா அழகியின் சேலையை அப்படியே உடுத்திக்கொண்டு திரிகிறது. பறவை ஏமாந்துவிடும். மனுஷனும் ஏமாறுவான். ஆனால் உடம்பைப் பாருங்கள். அசலுக்கு உடம்பு சிவப்பு, நகலுக்குக் கறுப்பு. அந்த ஒரு சிவப்பைப் பார்க்கத்தான் லென்ஸ். தூரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

* * *

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தம்பி மோவாயைச் சொறிந்தான். "இப்பத்தாண்ணே நிஜமாவே குழம்பியிருக்கு."

அதற்கு மருந்து இரண்டு. முதலாவதற்குச் செலவு கிடையாது. டிஜிட்டல் காமிரா ஒவ்வொரு படத்தோடும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது, எவ்வளவு வேகம் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதி வைத்திருக்கிறது. பழைய படங்களை ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். அவனிடம் ஏற்கெனவே ஒரு சின்ன 55-250 இருந்தது. அவனுக்குப் பிடித்த படங்களில் பாதிக்கு மேல் வண்ணத்துப்பூச்சி, ஓணான், அருவியோரத் தும்பி. பறவைப் படங்களில் 250-ல் முட்டிக்கொண்டு நின்றவை கொஞ்சம்தான். அவனுக்கே தெரியாமல் அவன் எந்த ஜாதிப் போட்டோக்காரன் என்பதைக் காமிரா எழுதி வைத்திருந்தது.

இரண்டாவது, வாடகை. பெரிய ஊர்களில் நாள் வாடகைக்கு லென்ஸ் தருகிறார்கள். 150-600 ஒன்றை ஒரு சனி, ஞாயிறு எடுத்துக்கொண்டு பச்சைமலை போகச் சொன்னேன். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்தான். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திருப்பி, "குட்மார்னிங்ணே" என்றான். 

"எப்படி இருந்துச்சு?"

"காலைல சூப்பர்ணே. ஒரு கழுகு எடுத்தேன், ஒவ்வொரு இறகையும் எண்ணலாம். பத்து மணிக்கு மேல பைக்குள்ள வெச்சுட்டேன். அப்புறம் எல்லாம் நம்ம பழைய லென்ஸ்தான்."

பத்து மணிக்கு மேல் பைக்குள் போகிற லென்ஸுக்கு ஒரு லட்சம் தரலாமா என்பதை அவன் முடிவுக்கே விட்டேன். அவன் 70-300 வாங்கினான். அதுவும் பழசாக. மீதிப் பணத்தில் அவன் வீட்டில் முதலில் மாற்ற வேண்டிய லென்ஸை மாற்றினான். அம்மாவின் கண்ணுக்குள் வைத்தது சுமார் 6 மி.மீ. அகலம்தான். ஜூம் கிடையாது. 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலாக அந்த மாதிரி ஒன்றை மனிதக் கண்ணுக்குள் வைத்தார். போர் விமானத்தின் கண்ணாடிக் கூரை உடைந்து விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துணுக்குகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை. கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா மகனின் படங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஏண்டா, இத்தனை நாளா இது கலர் படமாடா?"

* * *

பழசாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லென்ஸுக்கு எமன் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்குக் கண்ணாடிக்கு உள்ளேயே சிலந்தி வலை மாதிரி படரும். வாங்குமுன் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். வலை தெரிந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஜூமைக் கடைசிவரை திருகிப் பாருங்கள், மணல் அரைகிற சத்தம் கேட்கக்கூடாது. ஆட்டோ போகஸ் கிட்டத்திலும் தூரத்திலும் பிடிக்கிறதா பாருங்கள். வாங்கியபின் தோல் பையில் போட்டு பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அதுதான் மாமியார் வீடு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், போதும். அதைவிட நல்ல வைத்தியம், வாரம் ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சத்தில் உபயோகிப்பது.

லென்ஸ் பட்டியல் பார்த்தே வருஷத்தை ஓட்டுகிறவர்களுக்கு மா. கிருஷ்ணனை நினைவுபடுத்த வேண்டும். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த காட்டுயிர் நிபுணர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை. 1950-லிருந்து கடைசிவரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் பத்தி எழுதினார். அவர் காமிரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்ற உறுப்புகள் இங்கொன்றும் அங்கொன்றும். எல்லாம் அவரே சேர்த்து மாட்டியது. அந்தப் பூதத்துக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று நாமகரணம் வேறு. அதில்தான் கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்தார். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவனுக்குக் கம்பெனி பெயர் தேவைப்படவில்லை.

* * *

கடைசியாக ஒன்று. இது நம்பர் இல்லை.

டெலிபோட்டோ என்றால் கிட்டே போகிற கருவி என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். எனக்கென்னவோ அது எட்ட நிற்கிற கருவி. பொறுமை இருந்தால் 300 போதும் என்று மேலே சொன்னேன். அந்தப் பொறுமை எல்லாருக்கும் இருப்பதில்லை. 300-ஐ வைத்துக்கொண்டு 600 படம் எடுக்க ஆசைப்பட்டு, கூடு இருக்கிற புதர்வரை போய், மறைக்கிற கிளையை ஒடித்து, 'வெளிச்சம் நல்லா வருது பாரு' என்கிறவர்கள் உண்டு. அவர்கள் படம் எடுத்துவிட்டு இறங்கிப் போனபின் வெயில் கூட்டுக்குள் இறங்கும். காக்கைக்கும் வழி தெரிந்துவிடும். தாய்ப்பறவை திரும்பி வருமா என்பது அதன் தைரியத்தைப் பொறுத்தது. அந்தப் படத்துக்கு எத்தனை லைக் விழுந்தாலும் கூடு காலிதான்.

1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறார்கள். துப்பாக்கியால் சுடுவது மட்டுமில்லை. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. படம் பிடிப்பதை ஆங்கிலத்தில் 'ஷூட்' என்று சும்மாவா சொன்னான்!

மனிதர்களுக்கும் இதே நியாயம்தான். அருவியில் குளிக்கிற பெண்களையும், மரவள்ளிக் காட்டில் குனிந்து நிற்கிற மலைக்காரப் பாட்டியையும் 600-ஐப் போட்டுத் தூரத்திலிருந்து உருவுவது வீரமில்லை. மனுஷரை எடுக்க ஆசையிருந்தால் கிட்டே போய்க் கேளுங்கள். "ஆத்தா, ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேட்க முடியாத தூரம் என்றால், எடுக்கவும் கூடாத தூரம்.

ஆகவே தம்பிகளே, நூறு நாள் இருந்த இடத்தில் உட்கார்ந்து பறவை பார்க்கிறவர்கள் 600 வாங்குங்கள். நடந்து திரிகிறவர்கள், பூச்சிப் பிரியர்கள் 70-300. நடுவில் நிற்கிறவர்களுக்கு 100-400. தேர், திருவிழா, கல்யாணம் என்றால் 70-200 எஃப் 2.8. எதை வாங்கினாலும் மலைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பரணில் தூங்குகிற 600, ஜீரோ மில்லிமீட்டர்.

படம் நன்றாக வந்ததா என்று பார்க்கக் காமிராவின் முதுகைப் பார்க்க வேண்டாம். கிளையைப் பாருங்கள். குருவி இன்னும் அங்கேயே உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தால், நல்ல லென்ஸ்தான் வாங்கியிருக்கிறீர்கள்.